குறிக்கு ரெண்டு முழம் தள்ளி

சூளை வேலை பார்க்கிறவனுக்கு ஒரு கண் போதும் என்று கலியமூர்த்தி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பீங்கான் சூளையின் சுவரில் உள்ளே பார்ப்பதற்கென்று விட்டிருக்கிற ஓட்டை ஒரு கண்ணுக்குத்தான் இடம் கொடுக்கும். இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வலது கண்ணை அதற்கு நேரே கொண்டுபோக வேண்டும். உள்ளே நெருப்பு ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் விளங்காது. நெருப்பைத் தாண்டி, பின்னால் நிற்கிற விரல் உயரக் களிமண் கூம்பைப் பார்க்க வேண்டும். கோன் என்பார்கள். சூடு பதத்துக்கு வந்தால் கோன் மெல்லத் தலை குனியும். தலை அடியைத் தொட்டதும் சூளையில் எரிகிற எண்ணெயை நிறுத்திவிட வேண்டும். முந்தினால் சரக்கு வேகாது. பிந்தினால் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் அவன் சேர்ந்த வேலை இது. மூத்த பெண்ணை நல்லூரில் கட்டிக்கொடுத்த பிறகும் அதே ஓட்டை, அதே கண்தான். ஒரு கண் போதும் என்று வாய் சும்மா இருக்காமல் சொன்னது இப்படிப் பலித்துவிட்டதே என்பதுதான் அவனுடைய வருத்தம்.

வலது கண்ணில் மூட்டம் விழ ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். முதலில் வெயிலில்தான் கூசியது. நடுப்பகலில் எதிரே வருகிற ஆள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வருகிற மாதிரி இருப்பார். சாயங்காலமானால் கொஞ்சம் தேவலாம். வெளிச்சம் கூடக் கூடப் பார்வை குறைகிற கண்ணை அவன் கேள்விப்பட்டதே இல்லை. பெண்ணாடத்தில் கண் முகாம் போட்டபோது மனைவி அனுசியாதான் பிடித்த பிடியாக இழுத்துக்கொண்டு போனாள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, "நெருப்புகிட்ட வேலையா?" என்றுதான்.

"சூளையிலங்க."

"பொரை விழுந்திருக்குது. இன்னும் முத்தல. முத்தினப்புறம் எடுத்துடலாம். ஆனா நெருப்பை இன்னையோட விட்டுடணும். விடலன்னா அடுத்த கண்ணுக்கும் வரும்."

திரும்புகாலில் கரும்பு லாரிக்கு வழி விட்டு பஸ் நின்றபோது அனுசியா, "கேட்டுக்கினியா?" என்றாள். "ம்" என்றான். அவ்வளவுதான். நெருப்பை விடு என்று சொல்ல டாக்டரம்மாவால் முடியும். நெருப்பை விட்டால் எதைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. களிமண் மிதிக்கிறதுக்கு இடுப்பு இல்லை. சக்கரத்தில் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்பது ஒன்றுதான். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனான்.

அதிலிருந்து அனுசியா அவனுக்கு வலது பக்கமாகவே நடந்தாள். அவளுக்கும் அதே பீங்கான் கம்பெனியில்தான் வேலை. கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவுவாள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது எதிரே சைக்கிள் வந்தால் அவன் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். தெருவில் பார்க்கிறவர்கள் இந்த வயசில் என்ன ஒட்டுதல் என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

ஆடி மாதக் கடைசியில் மாட்டிக்கொண்டான். ஒரு சூளை நிறைய பீஸ் கட்டை. ஓட்டையில் வலது கண்ணை வைத்தால் எல்லாம் ஒரே வெள்ளை. டாக்டரம்மா சொன்னதிலிருந்து இடது கண்ணை அங்கே கொண்டுபோக அவனுக்குத் துணிவில்லை. கோன் நிற்கிறதா குனிந்ததா, அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு எண்ணெயை நிறுத்தினான். சூளையைத் திறந்தால் கட்டைகள் தட்டோடு தட்டாக உருகி ஒட்டிக்கிடந்தன. முதலாளி ராஜவேல் ஒன்றைப் பிரிக்கப் பார்த்தார். நாலு சேர்ந்து வந்தது.

"எண்ணெய் சரியில்லீங்க முதலாளி" என்றான் கலியமூர்த்தி.

"எண்ணெய் மேல பழி போடாதய்யா. பக்கத்துக் கம்பெனியிலயும் அதே எண்ணெய்தான் எரியுது." ராஜவேல் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்குதா ஒனக்கு?"

"இருக்குதுங்க."

"அப்பச் சரி. விஜயதசமிக்கு ஒங்க தெருவுல நீதான அம்பு போடுவ? இந்த வருஷம் நான் வரேன். அதுவரைக்கும் கோனை நானே பாத்துக்கறேன். வாழையில அடிச்சிட்டன்னா சூளை ஒனக்குத்தான், நான் பேச மாட்டேன். அடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். நீயும் பேசக் கூடாது."

கண்ணைச் சோதிக்கிறதுக்குக் கண் டாக்டரிடம் அனுப்பினால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். ராஜவேல் செராமிக் டிப்ளமா படித்தவர்தான். ஆனால் எலுமிச்சம்பழம் வெட்டாமல் ஒரு நாளும் சூளையைப் பற்றவைத்ததில்லை. ஆளை ஒரேயடியாக நிறுத்த அவருக்கும் மனசு வரவில்லை. அம்மனே காட்டிக்கொடுக்கட்டும் என்று தன் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டார்.

குலாலர் தெரு அம்மன் விஜயதசமி சாயங்காலம் வேட்டைக்குப் போவாள். தெருக்கோடித் திடலில் குலையில்லாத வாழை மரம் ஒன்றை நட்டு, வன்னிக் கிளையைக் கட்டி வைத்திருப்பார்கள். அதுதான் அசுரன். அம்மனுடைய வில்லை எடுத்து அந்த வாழையில் ஒரே ஒரு அம்பு போடுகிற முறை கலியமூர்த்தி வீட்டுக்கு உரியது. வாணவேடிக்கை எல்லாம் அப்புறம்தான். வில்லை வளைத்து நாணை இழுத்ததும் பூசாரி மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்பார்.

"கண்ணு எங்க?"

"வில்லுல."

"கண்ணு எங்க?"

"அம்புல."

"கண்ணு எங்க?"

"குறியில."

மூன்றாவது பதில் வாயில் இருக்கும்போதே அம்பு கையை விட்டுப் போக வேண்டும். பதில் தப்பினால் வில் அடுத்த பங்காளி கைக்குப் போய்விடும். இது ஏதோ சடங்குப் பேச்சு என்றுதான் தெருவில் பாதிப்பேர் நினைத்தார்கள். வில்லைப் பிடித்தவனுக்குத் தெரியும், அது சடங்கு மட்டுமில்லை. கண் ஒரு சமயத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அம்பின் முனையைப் பார்த்தால் தூரத்து வாழை கலங்கிவிடும். வாழையைப் பார்த்தால் முனை மங்கிப்போகும். இரண்டையும் பார்க்க ஆசைப்படுகிறவன் இரண்டையும் விட்டுவிடுவான். கடைசியில் கண் குறியிலேயே நிற்க வேண்டும். முனை மங்கினால் மங்கட்டும் என்று விட வேண்டும். சூளையில் நெருப்பை விட்டுவிட்டுக் கோனைப் பார்க்கிற அதே வேலைதான். கலியமூர்த்தி ஒரு வருஷமும் தப்பவிட்டதில்லை. குறி பார்க்கிறபோது இடது கண் தானாக மூடிக்கொள்ளும். சூளை அதை அப்படிப் பழக்கி வைத்திருந்தது.

முதலாளி சொன்னதை அனுசியாவிடம் சொன்னபோது அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குழம்பையும் ஊற்றி முடித்தாள்.

"இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்குது? அதால பாரு."

"அதால பாத்தா வில்லைக் கை மாத்திப் பிடிக்கணும். பீச்சாங்கையால அம்பை இழுத்தா தெருவே வந்து மிதிக்கும்."

"கைய மாத்தாத. கண்ண மட்டும் மாத்து."

அது ஆகாத காரியம் என்றுதான் அவன் நினைத்தான். ஆனாலும் மூங்கிலில் ஒரு வில் செய்துகொண்டான். கம்பெனிக்குப் பின்னால் உடைந்த பீங்கானைக் கொட்டி வைத்திருக்கிற மேடு ஒன்று உண்டு. வேலை மணி அடிக்கிறதுக்கு முன்னால் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. அனுசியா கிழிந்த துண்டை எடுத்து அவன் வலது கண்ணை இறுக்கிக் கட்டினாள். குறிக்கு ஒரு வாழைமட்டையை நட்டு வைத்திருந்தார்கள். வலது கையால் இழுத்து, இடது கண்ணால் குறி பார்த்து விட்டான். அம்பு மட்டைக்கு இடது பக்கம் வெகுதூரம் தள்ளிப் போய்ப் பீங்கான் குவியலில் சலசலத்து விழுந்தது. மறுபடி விட்டான், மறுபடியும் அங்கேயேதான்.

"கண்ணு ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம். பின்ன எப்படி அது நேராப் போவும்?" என்று வில்லைக் கீழே போட்டான். அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கவலையில் தூக்கமில்லாத உடம்பு, எதற்கெடுத்தாலும் கோபமோ அழுகையோதான் வந்தது.

அனுசியா அம்புகளைப் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள். "தப்பாப் போனாலும் ஒரே மாதிரிதான் தப்பாப் போவுது" என்றாள். அம்பு விழுந்த இடத்துக்கும் மட்டைக்கும் நடுவே கையால் அளந்தாள். "ரெண்டு முழம். அப்ப நீ அந்தப் பக்கம் ரெண்டு முழம் தள்ளிப் பாத்து வுடு."

மட்டைக்கு வலது பக்கம் ரெண்டு முழம் தள்ளி ஒரு குச்சியை நட்டு அதில் தன் ஈரத் துண்டைப் போட்டாள். கலியமூர்த்தி துண்டைப் பார்த்து விட்டான். அம்பு மட்டையில் தைத்து ஆடியது. அவன் நம்பாமல் இன்னொன்று விட்டான். அதுவும் தைத்தது. அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து இருவரும் சிரித்தார்கள்.

புரட்டாசி முழுக்க இதே பாடு. கண்ணில் கட்டின துண்டை அவிழ்த்துவிட்டும் பழகினான். அதுதான் கஷ்டம். நாணை இழுத்ததும் இடது கண் பழக்கதோஷத்தில் மூடப் பார்க்கும். வலது கண் திறந்துகொள்ளும். அப்படி ஆனால் அம்பு தள்ளிப் போகாமல், குச்சியில் போட்ட துண்டுக்கே நேராகப் போகும். பத்துத் தடவையில் ஒரு தடவையாவது துண்டில் ஓட்டை விழுந்தது. அது மெல்லக் குறைந்து, பண்டிகை நெருங்கும்போது அறவே நின்றுபோனது. ஆனால் திடலில் குச்சி நட முடியாது. ஒன்றுமில்லாத இடத்தில் கண்ணை நிறுத்த அவனுக்கு வரவில்லை. கண்ணுக்குப் பிடிமானம் வேண்டியிருந்தது.

"வாழைக்கு அந்தப் பக்கம்தான மாவிளக்குத் தட்டோட பொம்பளைங்க வரிசையா நிப்பாங்க?" என்றாள் அனுசியா. "மொத ஆளா நான் நின்னுக்கறேன். என்னைப் பாத்து வுடு."

"வெளையாடுறியா?"

"துண்டு மேலதான் படறதே இல்லியே இப்ப."

"பட்டா?"

"பட்டா பட்டுட்டுப் போவுது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வீங்கின காலை நீட்டித் தடவிக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவள். வேறு வழி அவனுக்குத் தெரிந்திருந்தால் சண்டை பிடித்திருப்பான். தெரியாததால் பாயைப் போட்டுப் படுத்துவிட்டான்.

விஜயதசமி அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. கலியமூர்த்திக்கு அதில் ஒரு நிம்மதி. மூட்டமும் சாயங்கால மசங்கலும் சேர்ந்தால் கண் கூசாது. ஆனால் திடலுக்குப் போனதும் அந்த நிம்மதி போயிற்று. ராஜவேல் முதலாளி தன் உபயமாகப் போகஸ் லைட்டு அனுப்பியிருந்தார். மூங்கில் கம்பம் நட்டு, வில்லுக்காரன் நிற்கிற இடத்தைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். போதாததற்கு வீடியோ எடுக்கிறவர் ஒருவர் வாழைக்கு இடது பக்கமாக நின்று, கையில் இன்னொரு விளக்கைப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குலாலர் தெருவுக்கு வீடியோ வந்தது அந்த வருஷம்தான். முதலாளி வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒனக்கு நல்லாத் தெரியட்டும்னுதான் லைட்டு" என்றார் கலியமூர்த்தியைப் பார்த்து. அவர் அதை நிசமாகவே நல்ல மனசோடுதான் சொன்னார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அடுத்த பங்காளி சாமிதுரை புது வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். சித்தப்பா மகன். வருஷா வருஷம் அப்படித்தான் நிற்பான், கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும். "அண்ணே, காத்து கெழக்க அடிக்குது, பாத்துக்க" என்று யோசனை வேறு சொன்னான்.

மேளம் நின்றது. வேம்பு பூசாரி வில்லையும் அம்பையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து அவனிடம் கொடுத்தார். போகஸ் லைட்டைப் போட்டார்கள். வலது கண்ணில் திடலும் ஜனமும் வாழையும் அம்மனும் ஒன்றுமில்லாமல் போய், சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றுதான் நின்றது. இடது கண்ணில் தண்ணீர் கட்டியது. அவன் இமைத்து இமைத்து அதைத் தள்ளினான். கூச்சத்தில் இடது கண் மூடிக்கொள்ளத் துடித்தது. மூடாதே, மூடாதே என்று அதனிடம் கெஞ்சினான். நாணை இழுத்தான்.

"கண்ணு எங்க?" என்றார் பூசாரி.

"வில்லுல."

"கண்ணு எங்க?"

"அம்புல."

அம்பின் இரும்பு முனை இடது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போனான். முனை மங்கியது. வாழை வெறும் பச்சை நிழலாக ஓரத்தில் நின்றது. அதற்கு ரெண்டு முழம் தள்ளி அனுசியா நின்றாள். தட்டில் மாவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் பட்டது. நல்ல கண்ணால், நடுவில் வைத்து, வேறு எதையும் பார்க்காமல் அவன் அவளைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. வலது பக்கமாகவே நடந்துகொண்டிருந்தவள் அவன் கண்ணில் வெறும் மூட்டமாகத்தான் கூட வந்துகொண்டிருந்தாள்.

காதோரம் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தட்டைப் பிடித்த கை நடுங்கியது, அதனால் விளக்கும் நடுங்கியது. அவள் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

பட்டா பட்டுட்டுப் போவுது என்று சொன்னவள் இவ்வளவு பயந்துபோய் நிற்கிறாள் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. பயந்தும் ஒரு அடி நகராமல் நிற்கிறாள்.

விட்டுவிடலாம். இடது கண் திறந்துதான் இருந்தது. கையும் நடுங்கவில்லை. இன்னொரு மூச்சு இப்படியே நின்றால் அம்பு வாழையில்தான் தைக்கும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தைத்தால் சூளை அவனுக்கு. நாளன்றைக்கு ஓட்டைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். வலது கண்ணுக்கு இனி எந்தக் கோனும் தெரியப்போவதில்லை. வைப்பதென்றால் இந்தக் கண்ணைத்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். நரையையும் நடுக்கத்தையும் காட்டிக்கொண்டிருக்கிற இந்தக் கண்ணை. அதற்காகத்தானா இவள் அங்கே நிற்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்கு எல்லாமே அலுத்துப்போயிற்று. சூளை, முதலாளி, லைட்டு, ஒரு வருஷமாக மறைத்து மறைத்து நடந்த நடை எல்லாமே.

"கண்ணு எங்க?" என்றார் பூசாரி மூன்றாவது தடவை.

"எம் பொண்டாட்டி மேல" என்றான் கலியமூர்த்தி.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் திடலே சிரித்தது. நாற்காலியிலிருந்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். வீடியோக்காரருக்குச் சிரிப்பில் விளக்கு ஆடியது. வேம்பு பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மன் முன்னாடி என்னா வெளையாட்டு? ஒழுங்காச் சொல்லு. கண்ணு எங்க?"

"சத்தியமாத்தான் சொல்றேன் பூசாரி. அவ மேலதான் இருக்குது. குறி எனக்குத் தெரியல." அவன் நாணை மெல்லத் தளர்த்தி அம்பைக் கீழே இறக்கினான். "ஒரு கண்ணு போயிடுச்சு."

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எங்கோ பின்வரிசையில் விஷயம் புரியாத ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அனுசியா கண்ணைத் திறந்தாள். வாழையைப் பார்த்தாள், அதில் அம்பு இல்லை. தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாள்.

வில் சாமிதுரை கைக்குப் போயிற்று. இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்கு அது கையில் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விட்டான். அம்பு தரையோடு தரையாகப் போய் வாழையின் அடிக்கட்டையில் தைத்தது. பரவாயில்லை, அசுரனுக்கு அதுவும் உடம்புதானே என்று பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் எழும்பியது. யாரோ போகஸ் லைட்டை அம்மன் பக்கம் திருப்பினார்கள். கலியமூர்த்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ராஜவேல் எழுந்து அவன் பக்கத்தில் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தான். அவரும் ஏதோ களைத்துப்போனவர் மாதிரிதான் இருந்தார்.

"எந்தக் கண்ணு?"

"சோத்துக்கைப் பக்கங்க."

"எம்மாம் நாளா?"

"ஒரு வருஷமா இருக்குதுங்க. ஆடி மாசச் சரக்கு என்னாலதான் போச்சு. எண்ணெய்னு பொய் சொன்னேன்."

ராஜவேல் வாழையைப் பார்த்தார், விளக்கோடு நிற்கிற அனுசியாவைப் பார்த்தார். "அடிச்சிடுவன்னுதான்யா நான் நெனச்சிருந்தேன். நீ அடிச்சிடணும்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டு வந்தேன்" என்றார். "சூளைக்கு இனிமே வரவேணாம். வேற ஏதாவது வேலை குடுக்க முடியுமான்னு பாப்போம்."

பாப்போம் என்று முதலாளிமார் சொன்னால் அது எதில் போய் முடியும் என்று கலியமூர்த்திக்குத் தெரியும். "சரிங்க" என்றான்.

வாணவேடிக்கைக்கு நிற்காமல் இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அனுசியா தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு வழக்கம்போல அவனுக்கு வலது பக்கம் நடந்தாள். விளக்கு அணைந்திருந்தது. தெருமுனை தாண்டுகிற வரைக்கும் அவள் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் வெடித்தாள்.

"ஒரு மாசமா பீங்கான் குமிச்சல்ல நடந்து காலு ரெண்டும் கிழிஞ்சிருக்குது எனக்கு. கல்லாட்டம் நின்னேன் அங்க. ஒரே ஒரு அம்பு. வுட்டிருந்தா முடிஞ்சிருக்கும். எதுக்கு மாமா அப்படிச் சொன்ன?"

"நீ கண்ண மூடிக்கிட்டியே."

"பின்ன? நேரா அம்பு நீட்டிக்கிட்டு நிக்கறப்ப கண்ணத் தொறந்து வச்சுக்க யாரால முடியும்? நான் மூடினா ஒனக்கு என்னா? பாக்க வேண்டியவன் நீதான?"

"பாத்தேன்" என்றான். "நல்லாத் தெரிஞ்ச. காதோரம்லாம் நரைச்சிடுச்சு ஒனக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. நீ இந்தப் பக்கமே நடக்கறதால ஒன்னையப் பாத்தே வெகுநாளாச்சு. நாளன்னைக்கு அந்த ஓட்டையில இந்தக் கண்ணையும் வச்சிட்டா, அப்பறம் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒண்ணுதான்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. திடல் பக்கம் முதல் வாணம் வெடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு என்னா பண்றது?" என்றாள் கொஞ்ச தூரம் போனதும். கோபம் போய்க் குரல் வறண்டிருந்தது.

"தூங்கறது. ஒரே ஒரு நாளு தூங்கிக்கறேன். அப்பறம் யோசிக்கலாம்."

எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அனுசியா முழங்கையைப் பிடித்து அவனை ஓரமாக இழுத்தாள். சைக்கிள் கடந்து போனதும் கையை விட்டாள். நின்றாள். பிறகு அவனுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கம் சைக்கிள் வந்தா?" என்றான்.

"வர்றவன் பெல்லு அடிப்பான்" என்றாள். "நீ இப்படித் திரும்பி நட."